சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றார்கள்

தம்பி,

இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்கும் கடிதம் இல்லை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இறந்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், நம் வீட்டில், என் கண்ணெதிரே போய்விட்டார். பாயில் கிடந்து அவதிப்படவில்லை. கடலை உரித்துக்கொண்டிருந்தவர், "நெஞ்சக் கரிக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். நான் செம்போடு வருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் இருந்த கடலை அப்படியே இருந்தது. சாயங்காலமே எடுத்துவிட்டோம். உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எங்கேயாவது போய் உட்கார்ந்து அழு. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், அது எங்கேயும் போய்விடாது.

வெள்ளிக்கிழமை நடந்ததை இத்தனை நாள் கழித்து எழுதுகிறாளே என்று நீ நினைப்பாய். உனக்குத் தகவல் போகவில்லை என்பது எனக்கே இன்று காலையில்தான் தெரியும். அன்று உன் மாமாதான் தந்தி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனான். கொடுத்துவிட்டேன் என்று வந்து சொன்னான். அதை நம்பி, நீ எந்த ரயிலில் ஏறியிருப்பாய், எந்த ஊரைத் தாண்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். மறுநாள் பால் தெளித்து வந்த பிறகும் நீ வரவில்லை. பிள்ளைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அங்கே ஒண்டியாகக் கிடந்து அழும் என்று அதற்கும் சேர்த்து அழுதேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் உன் மாமா. இன்று காலை, இன்னொரு தந்தி கொடுத்துப் பார் என்று நான் சொன்ன பிறகுதான் அவன் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான்.

"கோவிச்சுக்காத அக்கா. நான் தந்தியே குடுக்கல. அவனுக்கு இன்னும் வேல நெரந்தரம் ஆகல. இந்த நேரத்துல லீவு அது இதுன்னு நின்னா சீட்டக் கிழிச்சுருவாங்க. குடுத்திருந்தாலும் மொகம் பாக்க வந்து சேந்திருக்க மாட்டான். தெரியாம இருந்தா நிம்மதியா வேலயப் பாப்பான், சாப்புடுவான். பொங்கலுக்கு வருவான்ல, அப்ப பக்குவமாச் சொல்லிக்கலாம்."

அவன் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவன். காரைக்குடியில் தன் வீட்டில் வைத்து உன்னைப் படிக்க வைத்தவன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாதா. ஆனால் அவன் "சாப்புடுவான்" என்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம் ஊர் ஜெயிலில் இருந்த ஒரு பெண்ணுக்கு உன் அப்பாவும் நானும் இதையேதான் செய்தோம், இதே சொல்லைச் சொல்லித்தான் செய்தோம். இந்தக் கடிதத்துக்குக் கவர் வாங்கப் போனபோது போஸ்ட்மாஸ்டர், தந்தியாவது கொடுங்கள் அம்மா, சீக்கிரம் போகும் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். தந்தி உன் கைக்கு நேரே வராது, உன் ஜெயில் ஆபீசுக்குப் போகும். அங்கே யாராவது ஒரு நல்ல மனுஷர் அதைப் படித்துவிட்டு, பாவம் பையன், டூட்டி முடித்துச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். என் கையெழுத்தில் உன் பேருக்கு வரும் கடிதத்தைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதில்லை. அப்போது நீ காரைக்குடியில் இருந்தாய். நீயும் ஜெயில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைக்குப் போய்விட்டதால் இப்போது சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் உன் அப்பா எப்படிப்பட்ட வார்டராக இருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது என்னவென்று உனக்குப் புரியாமல் போய்விடும். ஒரு கடுமையான ஆள் அதைச் செய்திருந்தால் அது பெரிய விஷயமே இல்லை.

நம் ஊர் ஜெயில் சின்னது. சமஸ்தானம் இருந்தபோது பெரிய கேசுகளையெல்லாம் புதுக்கோட்டைக்கு அனுப்பிவிட்டு, சில்லறைத் திருட்டு, வரப்புச் சண்டை, கள்ளச்சாராயம் என்று வந்தவர்களை இங்கே வைத்திருப்பார்கள். உன் அப்பா தலைமை வார்டர். பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண்பிள்ளைதான் காவல் இருக்க வேண்டும் என்பதால் அந்தச் சாவி என் இடுப்புக்கு வந்தது. அங்கே எப்போதும் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் இருப்பார்கள். ஆண்கள் பக்கத்துக் கஞ்சிக்குக் கேழ்வரகு திரிப்பது, நெல் குத்துவது, கயிறு திரிப்பது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். உன் அப்பா பெண்கள் பக்கம் வரும்போது முனை திரும்புவதற்கு முன்னாலேயே சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்குவார். சேலையைச் சரிபண்ணிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டாமா என்பார். கைதி சாப்பிடும்போது எதிரே நின்று பார்க்க மாட்டார். யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். பார்க்க வருகிற சனங்களை "வாங்க" என்பார். வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர், அதற்குப் பிறகுதான் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கேள்வி. ஜெயிலர் இதைப் பார்த்துவிட்டு, "ஊரே இதை மாமியார் வீடுன்னுதான் சொல்லுது. நீர் அதை நெசமாவே ஆக்கிப்புடுவீர் போலிருக்கே" என்று கேலி செய்வார். அப்பாவும் சிரித்துக்கொள்வார், ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டார்.

ஒரு கைதியின் தாயாரை "வாங்க" என்று சொன்னதற்காக மற்ற வார்டர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, "சிரிச்சா சிரிக்கட்டும்னு எழுது" என்றார். அதை எழுதுவதற்குள் இப்படி ஆகிவிட்டது. இப்போது எழுதிவிட்டேன்.

அந்தப் பெண் பேர் பொன்னழகி. அரிமளத்துக்குப் பக்கம் ஒரு கிராமம். ஜப்பான் சண்டைக் காலத்தில் வந்தாள். புருஷன் அதற்கு முன்பே பர்மாவுக்குப் போனவன், குண்டு விழுந்த பிறகு உயிரோடு இருக்கிறானா என்ற தகவலே இல்லை. ஆள் இல்லாதவள்தானே என்று கொழுந்தன் அவள் வயலுக்குப் போகும் மடையை அடைத்துவிட்டான். இவள் மண்வெட்டியைத் திருப்பி அடித்ததில் அவன் கை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு வருஷம் போட்டார்கள். வந்த புதிதில் யாரோடும் பேச மாட்டாள், திரிகையைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு ஒரு மகன், முத்து என்று பேர், நாலு வயசு இருக்கும். தாயோடு உள்ளே வைத்துக்கொள்ளும் வயசைத் தாண்டிவிட்டதால் அவள் அண்ணன் சுப்பையா வீட்டில் விட்டிருந்தாள். மாதம் ஒரு தடவை, பார்க்கிற நாளில், சுப்பையா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வருவான். பிள்ளை கம்பிக்குள் கையை விட்டு அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். மூக்கைப் பிடித்தபடியேதான் பேசுவார்கள் இருவரும். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவர் உன் அப்பா. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

விடுதலைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பார்க்கிற நாளும் இல்லாத ஒரு நாளில், காலையிலேயே சுப்பையா வாசலில் வந்து நின்றான். அந்தப் பக்கம் வாந்திபேதி பரவியிருந்த நேரம். முந்தைய நாள் விடியற்காலம் பிள்ளைக்குக் கண்டிருக்கிறது, பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். அன்றே புதைத்துவிட்டார்கள். சுப்பையா அழுதுகொண்டே உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அய்யா, அவகிட்ட இப்ப சொல்லிப்புடாதீங்க. வெளிய வரட்டும், நான் இருந்து சொல்லிக்கிறேன். உள்ள வச்சுச் சொன்னா பட்டினி கெடந்தே செத்துப்போவா. அவ அப்புடிப்பட்டவ."

அப்பா பெண்கள் பக்கம் வந்தார். அன்று சாவியைக் குலுக்கிய சத்தம்கூட மெல்லத்தான் கேட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "அவ சாப்டாளா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, இப்போதுதான் கஞ்சி வந்திருக்கிறது என்றேன். "சரி, மொதல்ல சாப்புடட்டும். அப்பறம் சொல்லுவோம்" என்றார். நீயே சொல், நம் பக்கத்தில் இதை யார் தப்பு என்பார்கள். பசியோடு இருக்கிறவரிடம் சாவைச் சொல்வதில்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் ஒரு வாய் இறங்காது என்று, தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் மெல்ல ஆரம்பிப்போம். எனக்கு என் அப்பா போனதை அப்படித்தான் சொன்னார்கள். நானும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் வட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலை அரிக்கிறது அக்கா, கொஞ்சம் சீயக்காய் இருக்குமா என்று கேட்டாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது. மத்தியானம் சொல்லலாம் என்று பார்த்தால் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. சாயங்காலம் சொன்னால் இருட்டில் பூட்டிய அறைக்குள் என்ன செய்துகொள்வாளோ என்று பயம். காலையில் சொல்லலாம் என்றார் அப்பா. காலையில் மறுபடியும் கஞ்சி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக நிறுத்தி வைத்த செய்தி இப்படியே ஒரு நாளைத் தாண்டியது, ஒரு வாரத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. சுப்பையா சொன்னபடி வெளியே போகும்போதே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஒரு மாதமும் ஜெயிலில் அவளைத் தாங்கித் தாங்கி வைத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற வார்டர் மூலம் விஷயம் எல்லோருக்கும் பரவிவிட்டது, அவளைத் தவிர. கஞ்சி காய்ச்சுகிற கைதி அடியில் கெட்டியாக இருப்பதை அவளுக்கென்று எடுத்து வைப்பான். கூட இருந்த இரண்டு பெண்களும் அவள் பங்கு நெல்லைக் குத்தினார்கள். அதில் ஒருத்தி தனக்குக் கொடுத்த எண்ணெயை இவள் தலையில் தேய்த்துவிட்டாள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துச் செய்யவில்லை, பாவம் என்று அவரவரே செய்தார்கள். நல்ல ஜெயில் என்று ஒன்று இருக்க முடியும் என்றால் அந்த ஒரு மாதம் எங்கள் ஜெயில் அப்படித்தான் இருந்தது. அவளும் தேறினாள். வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். பிள்ளை செய்யும் சேட்டைகளையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் காட்டினாள். நாங்கள் மூன்று பெண்களும் உட்கார்ந்து கேட்டோம், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தோம். பார்க்கிற நாள் வந்தபோது சுப்பையா வரவில்லை. மழைக்கு வாய்க்கால் உடைத்துக்கொண்டது, வழி இல்லையாம் என்று நான் சொன்னேன். "அதுக்கென்னக்கா, இன்னும் கொஞ்ச நாள்தான், நானே போயிப் பாத்துக்கிறேன்" என்றாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் என்னயத் தாங்குறாங்கக்கா. வெளிய போறவள்னா இம்புட்டு மரியாதையா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

விடுதலை நாளில் அவள் வந்தபோது கட்டியிருந்த சேலையை எடுத்துக் கொடுத்தோம். அதைக் கட்டிக்கொண்டு உள்வாசலுக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு வந்து நின்றாள். சுப்பையா தனியாக நின்றான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வெளியே ரோட்டைப் பார்த்தாள். சுப்பையா துண்டைக் கடித்துக்கொண்டான். உன் அப்பாதான் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. "என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள். பிள்ளை போன நாளையும் சேதி வந்த நாளையும் அப்பா சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன்.

"கஞ்சி காச்சுறவருக்கு?"

தெரியும் என்றேன். கூட இருந்த பெண்கள் பேரைச் சொல்லிக் கேட்டாள். வாசலில் நிற்கும் வார்டரைக் காட்டிக் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் தெரியும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சேதி வந்தன்னிக்கு நான் சீயக்கா தேச்சு முழுகுனேன். நீங்கதானக்கா அரச்சுக் குடுத்தீங்க" என்றாள். அதற்குப் பிறகு உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "அய்யா, பெத்தவ அழாம ஒரு மாசம் மண்ணுக்குள்ள கெடந்திருக்கானே எம்புள்ள. அவனுக்கு அழுகுறதத் தவிர நான் வேற என்ன செஞ்சிருக்க முடியும். அதக்கூட எடுத்துக்கிட்டீங்களே."

அவள் போய்விட்டாள். சுப்பையா அவள் கையைப் பிடிக்கப் போனான், உதறிவிட்டு முன்னால் நடந்தாள்.

தம்பி, உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் சரியாகப் பேசவில்லை. நாம் நல்லதுதானே நினைத்தோம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். "நல்லது நெனச்சது நமக்குத்தான். அவ அழுகுறத நம்மளால பாக்க முடியாதுன்னுதான் சொல்லல. சோறுங்குறது சாக்கு" என்றார். சில வாரம் கழித்து யாரிடமும் சொல்லாமல் அவள் ஊருக்கு நடந்து போனார். வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். அவள் வெளியே வந்து, எதுக்கு வந்தீங்க என்று கேட்டிருக்கிறாள். ஒன்னயப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்றிருக்கிறார். "பாத்தாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். திரும்பி வந்து என்னிடம் இதை மட்டும் சொன்னார். அவள் எங்களை மன்னிக்கவே இல்லை. மன்னிக்க வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்ததும் இல்லை.

அதற்குப் பிறகு ஜெயிலுக்குச் சாவுச் செய்தி வந்தால் அப்பா அதே நிமிஷம் எழுந்து போவார். வேறு ஆளை அனுப்ப மாட்டார். சின்னக்காளை என்று ஒருவன் இருந்தான், ஆட்டுத் திருட்டில் வந்தவன். அவன் தாயார் இறந்த தகவல் வந்தபோது கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா வரிசையிலிருந்து அவனைத் தனியே அழைத்துப் போய், "சின்னக்காள, ஒங்க ஆத்தா எறந்துபோச்சு. இன்னிக்குக் காலையில" என்றார். உடம்பு சரியில்லை, கொஞ்சம் மோசமாக இருக்கிறது என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. அவன் அப்பாவின் வாயில் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இளவட்ட வார்டர்கள் இரண்டு பேர் தடியோடு ஓடி வந்தார்கள். அப்பா கையை நீட்டி நிறுத்திவிட்டார். "போங்கப்பா. அது என்னய அடிச்ச கை இல்ல" என்றார். அவன் அங்கேயே விழுந்து அழுதான். அப்பா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கிணற்றடியில் அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள விட்டார். சாவுக்கு அனுப்பிவைக்க மேலே கேட்டார், கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்பதையும் நேரே சொன்னார். அன்று சாயங்காலம் மற்ற கைதிகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து துக்கம் கேட்கும் வரைக்கும் பூட்டாமல் வைத்திருந்தார். ஜெயிலர் வந்து, இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார். "விதியில இல்லீங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குப் பொறுத்துக்கங்க" என்றார். வீட்டுக்கு வந்தபோது உதடு வீங்கியிருந்தது. ரசத்தைக்கூடக் குடிக்க முடியவில்லை. ஆனால் அன்றுதான், பொன்னழகி போன பிறகு முதல் தடவையாக, அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்ததைப் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒப்பாரி வைத்தால் வைக்கட்டும் என்று விட்டேன். சத்தம் வெளியே கேட்கிறது என்று ஆள் அனுப்புவார்கள், கேட்கட்டும் என்று சொல்லி அனுப்புவேன். ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். நேரே சொல்வது பழகிவிடும் என்று நினைக்காதே. ஒவ்வொரு தடவையும் கால் பின்னும். சாப்பிட்டு முடிக்கட்டுமே, தூங்கி எழட்டுமே என்று மனசு ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்காமல் எழுந்து போக வேண்டும். உன் கையில் சாவி இருக்கும்போது உள்ளே இருப்பவனுக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது என்று நீயே தீர்மானிக்கும்படி ஆகிவிடுகிறது. கஞ்சி, துணி, வெளிச்சம் எல்லாம் உன் கையால்தான் அவனுக்குப் போகும். அவன் வீட்டுச் சாவு அப்படி இல்லை. அது அவனுடையது. வாசலில் யாரோ உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதால் அது உன்னுடையது ஆகிவிடாது. ஒருவரை அடிக்காமல், திட்டாமல், வயிறாரச் சோறு போட்டே அவமானப்படுத்திவிட முடியும் என்று நானும் உன் அப்பாவும் அந்தப் பெண்ணிடம்தான் தெரிந்துகொண்டோம்.

இனி உன் விஷயம். கருமாதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, பதினாறாம் நாள், அடுத்த வாரம் சனிக்கிழமை. இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்பட்டால் நிச்சயம் வந்துவிடலாம். ஆனால் உன் மாமா சொல்வதும் பொய் இல்லை. விடுப்புக் கொடுக்காமல் நீ கிளம்பி வந்தால் வேலை போனாலும் போகும். சமஸ்தானம் போன பிறகு அதன் ஆட்களில் எத்தனையோ பேர் அந்த வேலை கிடைக்காமல் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். வீட்டில் வேறு வரும்படி இல்லை என்பதும் உனக்குத் தெரியும். வந்தால் ஒரு நஷ்டம், வராவிட்டால் ஒரு நஷ்டம். இரண்டில் எதை நீ ஏற்றுக்கொண்டாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், ஊரில் வேறு யாரையும் சொல்லவும் விடமாட்டேன். உனக்காக நாங்கள் தீர்மானித்தோம் என்று மட்டும் ஆகக்கூடாது. கடிதம் எழுதுகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவன் கோபத்தில் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு வரி எழுது, அவனும் இன்னும் வாய்விட்டு அழவில்லை.

வருவதாக இருந்தால் முடியை அங்கே எடுத்துக்கொள்ளாதே, இங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம். வர முடியாவிட்டால் அங்கே ஏதாவது கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். நன்றாக இல்லை. அவர் உரித்து வைத்த கடலையை எடுத்து வைக்கவும் முடியாமல், வறுக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்லக்கூடாது என்று எழுதுகிறேன், நீ பயப்பட வேண்டும் என்று இல்லை. பெரியப்பா வீட்டார் கூடவே இருக்கிறார்கள்.

எனக்குக் கவலையெல்லாம் உன்னைப் பற்றித்தான். அந்தப் பெரிய ஊரில் துக்கம் கேட்க உனக்கு ஒரு உறவு கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ எனக்குத் தெரியாது. பொழுது விடிந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் உன் எதிரே இருக்கப்போவது கைதிகளின் முகங்கள்தான். அவர்களிடம் இதை மறைக்காதே. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லாதே. எங்கப்பா எறந்துட்டாங்க என்று சொல். பெற்றவர்களைக் கம்பிக்கு உள்ளே இருந்தபடியே பறிகொடுத்தவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருப்பார்கள். போக முடியாத சாவுக்கு இருந்த இடத்திலேயே அழுவது எப்படி என்று உனக்கு நான் சொல்லித்தர முடியாது, அவர்களுக்குத் தெரியும். அவர்களில் யாராவது ஒருவன் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால், எழுந்து போகச் சொல்லாதே.

அம்மா